மிக்சர் வாங்கும் முன் எத்தனை மைக் என்று எண்ணுங்கள்

ஸ்டூடியோ தொடங்கப் போகிறேன், நல்ல மிக்சர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் மாடல் பெயர் எதையும் சொல்வதில்லை. "உங்கள் அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிப்பார்கள்?" என்றுதான் கேட்பேன். பலருக்கும் இந்தக் கேள்வி ஏமாற்றமாக இருக்கும். எங்கோ படத்தில் பார்த்த நீண்ட மேசையும் அதில் வரிசையாக மின்னும் விளக்குகளும் அவர்கள் மனதில் இருக்கும். ஆனால் அந்த ஓர் எண் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரரிடம் எது விற்காமல் கிடக்கிறதோ அதுவே உங்களுக்குப் பொருத்தமான கருவியாகிவிடும்.

நான் கும்பகோணத்தில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்துகிறேன். நாகஸ்வரம், தவில், பக்திப் பாடல்கள், பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கான பாட்டு, இடையிடையே பள்ளி ஆண்டு விழா. இவைதான் என் பிழைப்பு. வீட்டின் ஓர் அறையையோ மாடியையோ கூடமாக்க நினைக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவும். கோடம்பாக்கத்துத் திரைப்படக் கூடங்களின் கணக்கு வேறு. அதற்குள் நான் போகவில்லை.

எண்ணத் தொடங்குங்கள். கீபோர்டில் ஏற்கெனவே அமைத்த இசைக்கு மேல் பாடகர் வந்து பாடிவிட்டுப் போகிறார். மறுநாள் புல்லாங்குழல், அதற்கடுத்து தபலா. இப்படி ஒவ்வொன்றாகப் பதிவு செய்வதானால் இரண்டு மைக் நுழைவுகள் போதும். ஆயிரம் பாடல்கள் பதிவு செய்தாலும் இரண்டே போதும். கச்சேரிக் குழு ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பது வேறு கதை. வாய்ப்பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரு பக்கங்களுக்கும் இரண்டு, கடத்துக்கோ கஞ்சிராவுக்கோ ஒன்று, சுருதிப்பெட்டிக்கு ஒன்று, அறையின் ஒலியைப் பிடிக்க இரண்டு. ஆக எட்டு. மங்கல இசைக் குழு வந்தாலும் அதே எண்தான்: நாகஸ்வரம் இரண்டு, தவில் இரண்டுக்கும் நான்கு, தாளத்துக்கு ஒன்று, சுருதிக்கு ஒன்று. தவிலுக்கு ஒரே மைக் வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடுகள் விழும் ஒலியும் இடப்பக்கமான தொப்பியில் கழி விழும் ஒலியும் முற்றிலும் வேறானவை. ஒரே மைக்கில் இரண்டும் கலந்து வந்தபின் அவற்றைச் சமன் செய்ய வழியில்லை.

ஆகவே உங்கள் தேவை இரண்டு நுழைவுகளாக இருக்கும், இல்லையேல் எட்டாக இருக்கும். நான்கு நுழைவுக் கருவியை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தனிப் பாடகருக்கு இரண்டை வீணாக்குகிறார்கள், குழு வந்தால் நான்குக்கு ஏங்குகிறார்கள்.

உள்ளே வருவதை எண்ணியவர்கள் வெளியே போவதை எண்ண மறந்துவிடுகிறார்கள். நீங்கள் பதிவைக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களுக்கு இரண்டு வெளியீடுகள் போய்விடும். பாடகருக்குத் தன் குரலும் சுருதியும் பெரிதாகக் கேட்க வேண்டும். மிருதங்க வித்வானுக்குப் பாட்டு வேண்டும், தன் வாசிப்பு அவ்வளவாக வேண்டாம். மூத்த தவில் வித்வான் ஒருவர் என் கூடத்துக்கு வரும்போதெல்லாம் சொல்வார்: "தம்பி, எனக்குச் சுருதியையும் தாளத்தையும் கொடு, மற்றதை நான் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன்." இவர்கள் எல்லோருக்கும் ஒரே கலவையைக் கொடுத்தால் ஒருவர் முகம் சுளிப்பது நிச்சயம். குழுவைப் பதிவு செய்ய நினைத்தால் ஸ்பீக்கர் போக இன்னும் நான்கு வெளியீடுகளாவது உள்ள கருவியைப் பாருங்கள்.

எந்த வகைக் கருவி

இப்போது மிக்சருக்கு வருவோம். கணினியில் பதிவு செய்யும் சிறிய கூடத்துக்கு மிக்சர் என்ற பொருளே பெரும்பாலும் தேவையில்லை. மைக்கின் மெல்லிய மின்னலையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் தேவை. கலக்கும் வேலை முழுவதும் கணினிக்குள் நடக்கிறது. தனிப் பாடகர் கூடத்துக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 வகையைச் சேர்ந்த எந்த நல்ல கருவியும் போதுமானது.

யுஎஸ்பி உள்ள மிக்சர்களில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். அட்டைப்பெட்டியில் யுஎஸ்பி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். ஆனால் பல மாடல்களில் பத்து சேனல்களும் கலந்து, இடது வலது என்ற இரண்டு தடங்களாக மட்டுமே கணினிக்குப் போகும். யமஹா எம்ஜி10எக்ஸ்யு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அதன் யுஎஸ்பியில் இரண்டு உள்ளே, இரண்டு வெளியே, அவ்வளவுதான். அது மோசமான கருவி இல்லை. மேடைக்கும் பேச்சுப் பதிவுக்கும் நன்றாகவே உழைக்கும். ஆனால் கச்சேரியைப் பதிவு செய்துவிட்டு, மறுநாள் வயலினை மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று பாடகர் கேட்டால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கொதித்த சாம்பாரிலிருந்து புளியை மட்டும் திரும்ப எடுக்க முடியுமா? கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எத்தனை சேனல்கள் தனித்தனியாகக் கணினிக்குப் போகும்? விற்பனையாளர் தயங்கினால் கருவியின் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் எம்டிகே போன்ற வரிசைகள் சேனல்களைத் தனித்தனியாக அனுப்பும். மாடல் பெயரில் அந்த எம்டிகே என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் திருவிழா, திருமணக் கச்சேரி என்று வெளி வேலைகளும் செய்கிறவர்களுக்கு டிஜிட்டல் மிக்சர் நல்ல முதலீடு. 2012இல் வந்த பெஹ்ரிங்கர் எக்ஸ்32 இன்னும் நம் ஊர் மேடைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. 32 சேனல்களைத் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பும். மேடையிலிருந்து கூடத்துக்குத் தூக்கி வந்தால் அதுவே இன்டர்ஃபேஸ். அதன் சாம்பிளிங் வேகம், அதாவது வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக்கும் என்பது, 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதைக் குறையாகச் சொல்கிறவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. படத்துக்கும் வீடியோவுக்கும் 48, குறுந்தகட்டுக்கு 44.1. நம் வேலை இவற்றில் முடிந்துவிடுகிறது. 24 பிட்டில் பதிவு செய்கிறீர்களா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். டிஜிட்டல் மிக்சர்களில் நான் பார்ப்பது வேறொன்று: உள்ளே மின்விசிறி உண்டா? மேடையில் யாருக்கும் கேட்காத அந்தச் சுழற்சி, ஒரே அறையில் பாடகரும் கருவியும் இருக்கும் சிறிய கூடத்தில் வீணையின் ஒலி தேயும் இடத்தில் தெளிவாகக் கேட்கும். கடையிலேயே இயக்கச் சொல்லி, கடையின் ஏசியை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை.

பழைய பெரிய அனலாக் மேசைகள் மூடப்பட்ட கூடங்களிலிருந்து அவ்வப்போது விலைக்கு வரும். வருகிற பாடகர்களுக்கு, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் வரிசையைப் பார்த்தால்தான் இது ஸ்டூடியோ என்ற நம்பிக்கை பிறக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மேசை கக்கும் வெப்பத்துக்குத் தனி ஏசி வேண்டும். சேனலுக்குச் சேனல் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும். நம் கடலோர ஈரக்காற்றில் குமிழ்களும் ஃபேடர்களும் கரகரக்கத் தொடங்கிவிடும். திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரிலேயே இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அழகுக்காக வாங்கியது அலமாரியாகிவிடும்.

எட்டு நுழைவு இன்டர்ஃபேஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் ஏடாட் என்ற ஒளிக்கேபிள் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில், மைக்கின் ஒலியைப் பெருக்கும் எட்டு சேனல் ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கி ஒரே ஒளிக்கேபிளில் இணைத்துவிட்டால் பதினாறு ஆகிவிடும். 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல்கள் போகும்; 96க்குப் போனால் நான்காகக் குறைந்துவிடும். இணைக்கும்போது இரண்டில் ஒரு கருவியின் கடிகாரத்தையே மற்றது பின்பற்றும்படி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவில் டிக் டிக் என்று ஒலி விழுந்துகொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பீர்கள்.

வீணைக்கு ஒன்று, நாகஸ்வரத்துக்கு வேறொன்று

விளம்பரத் தாளில் உள்ள எண்களில் இரண்டை மட்டும் நான் கவனிக்கிறேன். முதலாவது கெய்ன், அதாவது ப்ரீஆம்ப் எத்தனை டெசிபெல் பெருக்கும் என்பது. ஷூர் எஸ்எம்7பி மைக்கை எல்லோரும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். அதன் ஒலி மிகவும் மெல்லியது. குறைந்தது 60 டெசிபெல் பெருக்கம் கேட்கும். 2ஐ2வின் மூன்றாம் தலைமுறை தருவது 56தான், நான்காம் தலைமுறை 69 தருகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் பழைய இருப்பையும் புதியதையும் பிரித்துப் பார்க்க இந்த ஒரு காரணம் போதும்.

இரண்டாவது, ப்ரீஆம்பின் சொந்த இரைச்சல். மைனஸ் 127, மைனஸ் 129 டெசிபெல் என்றெல்லாம் போட்டிருப்பார்கள், எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு. இயற்கையின் எல்லையே ஏறக்குறைய மைனஸ் 131தான். அதற்குக் கீழே எந்த நிறுவனமும் போக முடியாது. ஆகவே இன்றைய நல்ல கருவிகளுக்குள் இந்த எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. தெருவில் ஆட்டோ போகிற, ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடுகிற ஊரில் அந்த இரண்டு டெசிபெலுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

நாகஸ்வரத்துக்கு நேர்மாறான பிரச்சினை. மைக்கைச் சற்று அருகில் வைத்துவிட்டால் கெய்னைச் சுழியத்தில் வைத்தாலும் நுழைவு சிவப்பில் எரியும். அதனால் ஒலியை 10 அல்லது 20 டெசிபெல் குறைக்கும் பேட் பொத்தான் மைக்கிலாவது இன்டர்ஃபேஸிலாவது இருக்க வேண்டும். மேல்நாட்டு மதிப்புரைகளில் இதைப் பெரிதாக எழுத மாட்டார்கள், அவர்கள் கிதாரையும் குரலையும் வைத்துச் சோதிக்கிறார்கள். நாகஸ்வரம், தவில், பறை, உறுமி எனப் பதிவு செய்கிற நமக்கு இது விலையைவிட முக்கியம்.

பாடகருக்குத் தன் குரல் தாமதமாகக் கேட்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினி ஒலியைச் சிறிது சேர்த்து வைத்துக் கையாளும் இடமான பஃபர் 128 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லிவினாடி, 512 என்றால் 10.7. போய்த் திரும்பும்போது இருமடங்கு. பழைய கணினி வைத்திருப்பவர்கள், கணினியைச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு ஒலி தரும் டைரக்ட் மானிட்டர் வசதியுள்ள கருவியை வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

கேட்பதற்கு முதலில் செலவழியுங்கள்

என் கணக்கில், கையிலுள்ள தொகையில் பாதி அறைக்கும் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் போக வேண்டும். இதைச் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை. ஆனால் நீங்கள் கலப்பது சரியா தவறா என்று உங்களுக்குச் சொல்வது இவை மட்டும்தான். இன்டர்ஃபேஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தவறாகக் கேட்டால் தவறாகத்தான் கலப்பீர்கள்.

பத்துக்குப் பத்தடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி போய் வந்து 56 ஹெர்ட்ஸ் அருகில் தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அந்தத் தேக்கம் இரட்டிப்பாகும்; கூரையும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். மிருதங்கத் தொப்பியின் கும்கி என்ற கீழொலி, நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு மாதிரியும் எழுந்து சுவரோரம் போனால் வேறு மாதிரியும் கேட்கும். எதை நம்பிக் கலப்பது? அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் சதுரத்தைத் தவிருங்கள். பதினான்குக்குப் பதினொன்று மேலானது.

முட்டை அட்டைகளை ஒட்டுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவை ஒலியைத் தடுப்பதும் இல்லை, கீழ்ச்சுரங்களை உறிஞ்சுவதும் இல்லை. மெல்லிய பஞ்சுத் தகடு உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கி அறையை மூக்கடைத்ததுபோல் ஆக்கும். நான் பரிந்துரைப்பது, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல், நான்கு அங்குல கனம். மரச்சட்டத்தில் அடைத்து, காற்று புகும் பருத்தித் துணியைச் சுற்றினால் போதும், உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம். முதலில் அறையின் மூலைகளில் வையுங்கள். பிறகு நீங்கள் உட்காரும் இடத்தின் இரு பக்கச் சுவர்களிலும். பக்கச் சுவரில் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவரைக் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து பார்க்கையில் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடமே பலகைக்கான இடம். தரைக்கு ஒரு கனமான ஜமுக்காளம்.

ஸ்பீக்கரை அறைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். யமஹாவின் எச்எஸ்5 ஐந்து அங்குலம், 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். எச்எஸ்8 எட்டு அங்குலம், 38 வரை இறங்கும். பெரியதே நல்லது என்று எட்டை வாங்கிப் பத்தடி அறையில் வைத்தால், அறை தாங்காத கீழ்ச்சுரத்தை அதற்குள் திணிக்கிறீர்கள் என்றுதான் பொருள். இந்த யமஹா ஸ்பீக்கர்களின் வெள்ளைக் கூம்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1978இல் வீட்டு ஸ்பீக்கராக யமஹா கொண்டுவந்த என்எஸ்10 வீடுகளில் எடுபடவில்லை, ஆனால் உலகெங்கும் ஒலிப்பதிவாளர்களின் மேசையில் இடம் பிடித்தது. கூம்புக்கான கூழ் கிடைக்காமல் 2001இல் நிறுத்தினார்கள். அது இனிமையாகப் பாடாது. குறையைக் காட்டிக் கொடுக்கும். ஸ்பீக்கரிடம் நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கடையில் கேட்டவுடன் பரவசப்படுத்தும் ஸ்பீக்கரைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். உச்ச ஒலிக் கூம்பு காதின் உயரத்தில் இருக்கட்டும். மூலையில் தள்ளி வைக்காதீர்கள்.

ஹெட்போன் இரண்டு வகை தேவை. பாடுகிறவருக்கு மூடிய வகை: பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்றது. நம் பாடகர்கள் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே பாடுவார்கள், அந்தப் பக்கத்து ஹெட்போனிலிருந்து தாள ஒலி கசிந்து மைக்கில் விழும். மிக்சரில் அந்தப் பக்கத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். கலப்பதற்குத் திறந்த வகை: சென்ஹைசர் எச்டி 600 பல ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. 300 ஓம் என்பதால் சிறிய இன்டர்ஃபேஸ்களில் ஒலி தாழ்வாகக் கேட்கலாம். வாங்கும் முன் உங்கள் கருவியோடு இணைத்துப் பாருங்கள்.

மின்சாரம், எர்த், பில்

பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் கருவியைக் குறை சொல்லுமுன் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் இரட்டிப்பான 100உம்தான் கேபிள் வழியாக நுழைகின்றன. எல்லாக் கருவிகளையும் ஒரே இணைப்பிலிருந்து எடுங்கள். ஸ்பீக்கருக்கு மூன்று முனை கொண்ட சமநிலைக் கேபிளையே போடுங்கள். கூடத்துக்கெனத் தனி எர்த் குழி வெட்டி, உப்பும் கரியும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். இரைச்சல் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மைக்கில் உதடு வைத்துப் பாடுகிறவரின் உயிரோடு விளையாட்டு அது. அதற்குப் பதிலாக, இசைக்கருவியின் ஒலியை மைக் நுழைவுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், எர்த் துண்டிப்பு உள்ள டிஐ பெட்டி வாங்குங்கள். வீட்டு இன்வர்ட்டரில் சைன் அலை வகை தவிர மற்றவை இரைச்சல் போடும்.

கேபிள், கனெக்டர்களுக்குச் சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறது. மைக் கேபிளின் மூன்று முள் இணைப்பான எக்ஸ்எல்ஆர் முனைகளை வாங்கி நீங்களே பற்றவைக்கக் கற்றுக்கொண்டால் காலத்துக்கும் உதவும். கருவிகளைத் தொட்டுக் கேட்டு வாங்க அண்ணா சாலைப் பக்கம் போங்கள். 1842இலிருந்து இயங்கும் மியூசி மியூசிக்கலும் அங்கேதான். உங்கள் ஹெட்போனையும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பதிவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பழைய கருவி வாங்குவதானால் ஒரு மல்டிமீட்டர் போதும். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தானை அழுத்தி, எக்ஸ்எல்ஆர் துளையின் ஒன்றாம் முனைக்கும் இரண்டாம் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 44க்கும் 52க்கும் இடையே இருந்தால் சரி. மூன்றாம் முனையிலும் அதே அளவு வர வேண்டும். ஒவ்வொரு சேனலிலும் இதைச் செய்யுங்கள், விற்பவர் அவசரப்படுத்தினாலும். பிறகு மைக் இல்லாமல் கெய்னை முழுவதும் ஏற்றி ஹெட்போனில் கேளுங்கள்: எட்டுச் சேனல்களின் இரைச்சலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெடித்தோ சீறியோ கேட்டால் அந்தச் சேனல் போன கணக்கு. ஃபயர்வயர் கருவிகள் மலிவாகக் கிடைக்கும். இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளையே இல்லை, தொட வேண்டாம். யுஎஸ்பி கருவிக்கும் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். புதியதாக வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள், உத்தரவாதத்துக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.